நாலாவது இன்ஜின்

எங்கள் அப்பா ஒரு விமானம் செய்தார். எந்த நாட்டிலும் எந்தக் கம்பெனியும் செய்யாத விமானம். ஒன்றரை முழ நீளம் இருக்கும். இப்போது கம்பத்தில் அப்பாவும் அம்மாவும் குடியிருக்கும் வீட்டில் பீரோவுக்கு மேலே, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. தூசி தட்டக்கூட யாரும் அதை எடுப்பதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். எட்டு வீடுகள் ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டிக் கிடக்கும் லயத்தில் எங்களுடையது கடைசி வீடு. அப்பா தேயிலை பாக்டரியில் ஃபிட்டர். அம்மா கொழுந்து எடுக்கப் போவாள்.

அந்த வருஷம் ஆனி மாத மழையில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். மூன்றாம் நாள் அவனுக்கு மூச்சு முட்டியது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கோட்டயம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் ஜீப்பில் கிளம்பினார்கள். குட்டிக்கானத்துக்குக் கீழே மலை சரிந்து ரோட்டில் கிடந்தது. முன்னேயும் போக முடியாமல், பின்னால் சேர்ந்துவிட்ட வண்டிகளால் திரும்பவும் முடியாமல் ஜீப் மூன்று மணி நேரம் அங்கேயே நின்றது.

நான் பக்கத்து வீட்டு அத்தையிடம் இருந்தேன். அத்தை எனக்கு ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டை முழுசாகக் கொடுத்தாள். முழு பாக்கெட்டையும் ஒரே பிள்ளையிடம் கொடுக்கிற வழக்கம் எங்கள் லயத்தில் கிடையாது. ஏதோ நல்ல காரியம் நடந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அவர்கள் இருவர் மட்டும் திரும்பி வந்தார்கள். தம்பி சாமியிடம் போய்விட்டான் என்று அத்தை சொன்னாள். எப்போது வருவான் என்று கேட்டதற்கு, இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அம்மா வேலைக்குப் போவாள், வருவாள், சோறு பொங்கி வைப்பாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அப்பா வாசலில் உட்கார்ந்திருப்பார். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட் கிரவுண்டுக்குப் போனார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரைக்கும் காலடி எண்ணிக்கொண்டே நடந்தார். பந்து விளையாடிக்கொண்டிருந்த அண்ணன்மார்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, அதில் ஒரு விமானம் வரைந்தார்.

அகலமான இறக்கை. மேட்டிலும் பள்ளத்திலும் இறங்கத் தோதாகப் பெரிய சக்கரங்கள். தேயிலைச் செடி தட்டாமல் இருக்க நான்கு இன்ஜின்களும் இறக்கைக்கு மேலே. விஷயம் லயத்தில் பரவியதும் பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள்.

“இது எந்த நாட்டு பிளேனுண்ணே?”

“எந்த நாட்டுதும் இல்ல. நம்ம கிரவுண்டுல எறங்குற மாதிரி ஒருத்தனும் செய்யலயே.”

அத்தை என்னைப் பார்த்தாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

சில்வர் ஓக் மரத்தில் உடம்பைச் செதுக்கினார். பிவிசி குழாயை நெருப்பில் காட்டித் தட்டையாக்கி இறக்கை வெட்டினார். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கில் ஜன்னல். இன்ஜின்தான் பெரிய வேலை. நான்கையும் ஒரே அச்சாகச் செதுக்க முடியாது. அதனால் ஒன்றை மட்டும் மரத்தில் செதுக்கினார். முண்டக்கயத்தில் ரப்பர் வெட்டும் பெரியப்பா, கூரை ஒழுகலுக்குப் பூசவென்று உறையாமல் அமோனியா கலந்து மழைக்கு முன்னால் கொடுத்தனுப்பிய ரப்பர் பாலை அதன்மேல் பூசிப் பூசிக் காயவைத்தார். பத்து நாள் கழித்து அதைச் சட்டை மாதிரி உரித்தெடுத்தபோது உள்ளே இன்ஜினின் வடிவம் அப்படியே குழியாக இருந்தது. அதுதான் அச்சு. பாக்டரியில் தண்ணீர்த் தொட்டி ஓட்டையை அடைக்கிற ரெசின் மிச்சம் கிடந்தது. கேட்டு வாங்கி வந்திருந்தார். அது தேன் போல இருக்கும். ஹார்ட்னர் எட்டுச் சொட்டு விட்டுக் கலக்கி அச்சில் ஊற்றினால் மெல்ல மெல்லக் கல்லாகிவிடும். எங்கள் ஊர்க் குளிரில் ஒவ்வொரு இன்ஜினும் இறுக இரண்டு நாள் ஆனது. சொட்டு எண்ணுவது என் வேலை.

விமானத்துக்குள் எத்தனை பேர் உட்காரலாம் என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. என் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அப்பா வைத்தது இரண்டே சீட். மீதி இடத்தில் ஒரு சின்னக் கட்டில். அதன் பக்கத்தில், ஆஸ்பத்திரியில் நிற்கிற மாதிரி ஒரு சிலிண்டர். பேனா மூடியில் செய்தது.

“இவ்வளவு பெரிய பிளேன்ல ரெண்டு சீட்டாப்பா?”

“ரெண்டு போதும்.”

“படுத்துக்கிட்டுப் போனா வெளிய எப்படித் தெரியும்?”

அப்பா கட்டிலை விரலால் தடவிப் பார்த்தார். அந்தக் கட்டிலுக்கு மட்டும் நான்கு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.

மரத்தில் செதுக்கியதையும் சேர்த்து மூன்று இன்ஜின்கள் முடிந்தன. நாலாவதை ஞாயிற்றுக்கிழமை ஊற்றலாம் என்றிருந்தார். சனிக்கிழமை அவர் டூட்டிக்குப் போனபின் எனக்குப் பொறுமை இல்லை. அவர் வருவதற்குள் முடித்து வைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ரெசினை ஊற்றிக்கொண்டேன். எட்டுச் சொட்டுக்கு இரண்டு நாள் ஆகிறது. நிறைய விட்டால் உடனே ஆகும். இரண்டு மூடி நிறைய விட்டுக் கலக்கி அச்சில் ஊற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் அச்சு சூடானது. பிறகு புகைந்தது. மூக்கை அறுக்கிற நாற்றம். உள்ளே பட்பட்டென்று வெடிக்கிற சத்தம் கேட்டது. அத்தை ஓடி வந்து, அதைத் துணியால் பிடித்து முற்றத்து மழையில் எறிந்தாள். அச்சு கருகி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் துண்டு துண்டாகப் பிளந்திருந்தது.

அப்பா சாயங்காலம் வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அடிப்பார் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“கை சுட்டுச்சா?” என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன். வேறு அச்சு எடுக்க ரப்பர் பால் இல்லை. மழை வலுத்ததால் ரப்பர் வெட்டும் நின்றுபோயிருந்தது. “விடு தாயி. எதுக்கு இதெல்லாம்” என்று சொல்லிவிட்டு, விமானத்தைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டார். அதற்குப் பிறகு அவரும் சாப்பிட்டதும் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒருவர் இந்தச் சுவரைப் பார்த்து, ஒருவர் அந்தச் சுவரைப் பார்த்து. நடுவில் நான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

இருபது நாள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஓடைக்கரைக்குப் போய் ஒரு சட்டி களிமண் கொண்டு வந்தாள். கல் பொறுக்கி, சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தாள். பரணில் ஏறி விமானத்தை இறக்கி, ஒட்டாமல் கிடந்த ஓர் இன்ஜினை எடுத்துச் சாம்பல் தடவி, களிமண்ணில் பாதி புதைத்தாள். மேலே இன்னொரு களிமண் உருண்டையை வைத்து அமுக்கினாள். பிறகு இரண்டையும் பிரித்து இன்ஜினை எடுத்துவிட்டு, ஊற்றுவதற்கு ஓரத்தில் ஒரு துளை போட்டாள். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அம்மா அந்த விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசி அதுவரை நாங்கள் கேட்டதில்லை.

“அந்த மருந்தைக் கலந்து தாங்க” என்றாள்.

அப்பா கலந்தார். சொட்டு எண்ண என்னை விடவில்லை. அம்மா அச்சின் இரு பாதிகளையும் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, அப்பா ஊற்றினார். மூன்றாம் நாள் களிமண்ணை உடைத்ததும் நாலாவது இன்ஜின் வந்தது. கொஞ்சம் கோணல். ஒரு பக்கம் அம்மாவின் விரல் பதிந்திருந்தது. அப்பா அதைத் தேய்க்காமல் அப்படியே ஒட்டினார்.

மூவரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இங்கருந்து கோட்டயம் போக எம்புட்டு நேரமாகும்?”

“கால் மணி நேரம்.”

“மண்ணு சரிஞ்சு கெடந்தா?”

“இது மேலதான போகுது.”

அம்மா தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் சமயம் என்று தோன்றியது.

“ஒரு சீட் அப்பாவுக்கு, ஒண்ணு அம்மாவுக்கு. அப்போ அந்தக் கட்டில் எனக்குத்தான?”

அம்மா என்னைச் சட்டென்று இழுத்து மடியில் போட்டு, மூச்சுத் திணறும்படி அணைத்துக்கொண்டாள். “நீ அதுல ஏறவே வேணாம் தாயி. என்னைக்கும் ஏற வேணாம்.”

நான் திமிறி விடுவித்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன். இத்தனை நாள் சொட்டு எண்ணியது நான். அம்மா செய்ததோ ஒரே ஓர் இன்ஜின், அதுவும் கோணல். அதற்குள் விமானத்தையே தன்னுடையதாக்கிக்கொண்டு எனக்கு இடம் இல்லை என்கிறாளே என்று, அத்தை எவ்வளவு சமாதானம் சொல்லியும் கேட்காமல், அன்று முழுக்க அழுதேன்.