சீரில் வந்த அம்புகள்

பிள்ளைகளே, வில்லில் இருந்து கிளம்பும்போது மர அம்பு உடைந்தால் அதன் பின்துண்டு எங்கே போகும் தெரியுமா? வில்லைப் பிடித்திருக்கும் கைக்குள் ஏறிவிடும். இதை என் மகளின் பயிற்சியாளர் போனில் சொன்னபோது நான் கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். தட்டு நிறைந்து பருப்பு கீழே வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

எங்களுக்குத் திருநகரில் சின்ன மளிகைக் கடை. மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளி மைதானத்தில் அலுமினிய அம்பு வைத்து வில் பழகுகிறாள். அவளுக்குச் சடங்கு வைத்தபோது, சோழவந்தானில் மரப்பட்டறை வைத்திருக்கும் அவள் தாய்மாமன், “பட்டோட வேற என்னம்மா வேணும்?” என்று கேட்டார். “வில்லு மாமா” என்றாள். தாய்மாமன் மறுப்பாரா? மூங்கிலில் வில் செய்து, அம்புகளையும் தானே சீவி, ஒவ்வொன்றிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் அடுக்கி மேளத்தோடு கொண்டுவந்து இறக்கினார். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பயிற்சியாளரிடம் பெருமையாகச் சொல்லத்தான் போன் பண்ணினேன். அந்த அம்மா பதறிவிட்டார்.

“அண்ணே, மர அம்பா? ஒவ்வொண்ணையும் காதுகிட்ட வச்சு வளைச்சுப் பாருங்க. டிக்குனு லேசா சத்தம் கேட்டாலும் ஒடிச்சுப் போட்ருங்க. வில்லோட பலத்துக்கு அம்பு பொருந்துதான்னும் பாக்கணும்.”

நாண் தள்ளும்போது அம்பு நேராகப் போவதில்லையாம். தண்ணீரில் மீன் போவதுபோல நெளிந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு போகுமாம். தண்டு மெலிந்திருந்தால் அதிகம் நெளிந்து உடையலாம். தடித்திருந்தால் நெளியாமல் பக்கத்தில் ஓடிவிடும். இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்து, அம்பை மேலே கிடத்தி, நடுவில் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட வேண்டும். அவள் வில்லுக்கு ஒரு கட்டைவிரல் அகலம் தொய்ய வேண்டும். அதிகம் தொய்ந்தாலும் ஆகாது, அசையாமல் நின்றாலும் ஆகாது.

நான் அம்புக் கட்டைப் பிரித்ததும் என் மனைவி ஓடி வந்தாள்.

“என்ன பண்றீக?”

“வளைச்சுப் பாக்கணுமாம். கீறல் இருந்தா ஒடிஞ்சிரும்.”

“மாமன் சீர்ல வந்தத ஒடிக்கப் போறீகளா? புள்ளைக்கு ஆகுமா அது? என் தம்பி மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?”

சீராக வந்த பொருள் வீட்டில் உடையக் கூடாது, அதிலும் நாமே உடைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் அம்புகளை மஞ்சள் துணியில் சுற்றிப் பீரோவுக்கு மேல் வைத்துவிட்டாள். அவளுக்கும் பயம்தான். அவள் பயம் வேறு, என் பயம் வேறு. கடையில் ஊதுபத்தி எடுத்துக் கொடுக்கும்போது ஒரு குச்சி முறிந்தால்கூட எனக்கு நெஞ்சு திக்கென்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வில்லையும் அம்புக் கட்டையும் எடுத்துவரச் சொல்லி மைத்துனர் விருந்துக்குக் கூப்பிட்டார். தென்னந்தோப்பில் வைக்கோல் கட்டை நிறுத்தி, அதில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வைத்திருந்தார். சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் மனைவிக்குத் தெரியாமல் எடைக்கல்லைப் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதை வெளியே எடுக்கத்தான் கை வரவில்லை.

மகள் வில்லை எடுத்தாள். மஞ்சள் துணியிலிருந்து ஒரு அம்பை உருவி நாணில் வைத்தாள். அவளுடைய இடது கை வில்லின் நடுவில் இருந்தது. பெருவிரலுக்குக் கீழே உள்ள அந்த மெத்தென்ற சதை மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

“நிறுத்தும்மா!”

தோப்பே திரும்பிப் பார்த்தது. நான் போய் அம்பை வாங்கிக் காதருகே வைத்து வளைத்தேன். சத்தம் இல்லை. இன்னொன்றை எடுத்து வளைத்தேன். அதிலும் இல்லை.

“என்ன மச்சான், ரேடியோ கேக்குறீகளா?” என்றார் மைத்துனர். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் முகம் சிரிக்கவில்லை. “என் சீர் மேல அம்புட்டுச் சந்தேகமா?”

“சந்தேகம் இல்ல மாப்ள. பயம்.”

“என்ன பயம்? ஒவ்வொண்ணையும் நான் தடவிப் பாத்துச் சீவுனது.”

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் மூன்றாவது அம்பை எடுத்தேன். வளைத்தபோது காய்ந்த சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. அது இருந்த இடத்தில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வளைத்தேன்.

டிக்.

மைத்துனரும் அதைக் கேட்டார். அம்பை என்னிடமிருந்து வாங்கி முழங்காலில் வைத்து அமுக்கினார். அது நறுக்கென்று இரண்டாக முறியவில்லை. சாய்வாக, நீளமாகப் பிளந்தது. பிளந்த முனை கோணி ஊசி மாதிரி இருந்தது. அவர் அதைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு மகளின் கையைப் பார்த்தார்.

“சந்தனம் அப்பிட்டு அப்பிடியே வெயில்ல வச்சேன்க்கா” என்று தன் அக்காவிடம் சொன்னார். “காயுறப்ப கீறல் விட்ருக்கு போல. பாக்கவே இல்ல.” பிளந்த துண்டைக் கீழே போட்டார். “மாமன் குடுத்த அம்பே புள்ள கையக் கிழிச்சிருந்தா, அது எந்த ஊரு சீரு?”

அவரே குடத்துத் தண்ணீரில் எல்லா அம்புகளையும் கழுவினார். சீரில் வைத்த சந்தனத்தை இப்படிக் கழுவுகிறானே என்று யாரும் கேட்கவில்லை. என் மனைவி முந்தானையால் துடைத்துத் துடைத்து என்னிடம் நீட்டினாள். நான் எடைக்கல்லை வெளியே எடுத்தேன். பாதி அம்புக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. சில டிக்கென்றன, சில அசையவே இல்லை, ஒன்று புடலங்காய் போலத் தொங்கியது. கறிக்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

மகள் மறுபடியும் போய் நின்றாள். சோதித்த அம்புதான். நானே வளைத்துப் பார்த்தது, நானே எடை தொங்கவிட்டது. இருந்தும் அவள் நாணை இழுக்க இழுக்க நான் ஒவ்வொரு அடியாக அவள் பக்கம் நகர்ந்தேன். விட்டாள். வைக்கோலில் பொத்தென்று சத்தம் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

“எங்க குத்துச்சுன்னு பாத்தீங்களாப்பா?”

“இல்லம்மா.”

“பெறகு எங்க பாத்தீங்க?”

“ஒன் கையத்தான்.”

“போங்கப்பா! இன்னொண்ணு விடுறேன், அதையாச்சும் பாருங்க.”

“விடு. மொதல்ல கையில இருக்குற அம்ப இங்க குடு” என்று கையை நீட்டினேன்.