மூடுபனி என்று சொன்னேன்

மருத்துவர்கள் பதிவுசெய்து அனுப்பும் குரலைக் கேட்டு ரிப்போர்ட் அடிப்பது எலெக்ட்ரானிக் சிட்டியில் என் வேலை. நாள் முழுக்க ஈரமில்லாத சொற்கள். அந்த எரிச்சலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கவிதை எழுதினேன். மருத்துவ மொழிக்கு இரக்கம் கிடையாது, கவிதைக்குத்தான் உண்டு என்று கூட்டங்களில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இருபத்தைந்து வருடம் உழைத்தவர். இருமல் முற்றியதும் ஜோகுபாளையத்தில் என் வீட்டுக்கு அழைத்து வந்து மருத்துவரிடம் காட்டினேன். அவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னிடம் இங்கிலீஷில் சொன்னார்: கல்தூசியால் இரண்டு நுரையீரலும் இறுகிவிட்டன, இனி சரியாகாது, சில மாதங்கள்தான். அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், செய்ய நினைப்பதைச் செய்துகொள்ளட்டும்.

"இன்னாடா சொல்றாரு?" என்றார் அப்பா.

"நெஞ்சுல மூடுபனி எறங்கியிருக்காம் நைனா. வெயில் வந்தா தானா கலைஞ்சிடுமாம்."

சொன்ன கணமே அந்த வரி எனக்குப் பிடித்துப்போனது. அதுதான் அசிங்கம்.

தங்கவயலில் இருக்கும் பெரியப்பாவோடு அப்பா பேசிப் பதினோரு வருடம். என் அம்மாவின் சாவுக்கு அவர் வரவில்லை என்ற கோபம். அன்று திரும்பும்போது ஆட்டோவில் அப்பாவே ஆரம்பித்தார்.

"அண்ணனைப் போய்ப் பாக்கணும்டா. இப்டி மூச்சு வாங்கினு போய் நின்னா பாவம் பாப்பான். ஒடம்பு தேறட்டும், ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே போறேன்."

"சரி நைனா" என்றேன். தலைக்கு மேல் கல் சரிகிறது என்றால் சரிகிறது, ஓடு என்று பச்சையாகச் சொல்லிப் பழகிய மனிதர். அவரிடம் போய் நான் உவமை சொல்லியிருக்கிறேன். மருத்துவரின் அந்த வறண்ட பேச்சில்தான் இரக்கம் இருந்தது. வாரா வாரம் "அடுத்த வாரம் போலாம்" என்பார் அப்பா, நானும் தலையாட்டுவேன். மூன்றாம் மாதம் இறந்துபோனார்.

பெரியப்பா காலை ரயிலில் வந்தார். தம்பியின் காலடியில் உட்கார்ந்து, கட்டியிருந்த கால்விரல்களைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டரு முன்னாடியே ஒண்ணும் சொல்லலியாடா?"

"சொன்னாரு பெரியப்பா. நான்தான் நைனாகிட்ட சொல்லல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அவன்கிட்ட சொல்ல ஒனக்கு மனசு வரல, சரி" என்றார். "எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேனேடா."