சகலையின் வண்டிக்கு ஊற்றிய ஆயில்

சங்ககிரியில் லாரி கிளட்ச் என்றால் மணிமாறன்தான். அவன் பட்டறைக்குப் பக்கத்தில் என் டயர் கடை. நல்ல கைக்காரன், ஆனால் வயிற்றெரிச்சல்காரன். எரிச்சல் ஊரார் மேலெல்லாம் இல்லை. ஒரே ஒரு ஆளின் மேல்தான். அது அவன் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், சகலை ஜீவானந்தம். சேலம் அஸ்தம்பட்டியில் ஆபீஸ் வேலை, மடிப்புக் கலையாத சட்டை. மாமனார் வேலுசாமி மூத்த மருமகனுக்கு எழுந்துபோய்ச் சேர் எடுத்துப் போடுவார். இளையவனிடம் "உக்காருங்க" என்பதோடு சரி. இதை மணிமாறன் புலம்பாத வாரமில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அந்தச் சேரின் மேல் கோபம் வந்துவிட்டது.

போன மாதம் ஆடி நோம்பி விருந்துக்கு ஜீவானந்தம் திருச்செங்கோட்டு மாமனார் வீட்டுக்குப் புது பைக்கில் போனார். அதன் கிளட்சுக்கு ஒயர் கிடையாது. பிரேக்கைப் போல ஆயிலில் வேலை செய்வது. மாமனார் தன் துண்டாலேயே வண்டியைத் துடைத்தாராம். விருந்துக்கு வந்திருந்த மணிமாறனுக்குப் பொறுக்குமா? குற்றம் தேடினான். கைப்பிடி ஓரத்து ஆயில் டப்பாவில் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஆயில் கொறஞ்சிருக்குதுங்ண்ணா, இதெல்லாம் பாக்கறதில்லீங்களா?" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு, விளிம்பு வரை ஊற்றி மூடினான். லாரிப் பட்டறைப் பழக்கம் அது. எதையும் நிறைத்து அனுப்பினால்தான் நிம்மதி.

போன வாரம் அதே வண்டி பட்டறைக்கு வந்து நின்றது. கிளம்பும்போது நன்றாக ஓடுகிறது, சூடேறினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது என்றார் ஜீவானந்தம்.

"சேலத்துல கிளட்ச் பிளேட்டே போச்சுன்னாங்க மணி. மாமாதான், 'மொதல்ல மணிகிட்டக் காட்டுங்க, அவரு கை பட்டாச் சரியாயிரும்'னாரு."

மணிமாறன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கல்யாணமான நாளாகக் காத்திருந்த வார்த்தை அது.

வண்டியை மேட்டில் ஏற்றிச் சூடாக்கிக்கொண்டு வந்தான். இன்ஜின் பக்கம், கிளட்ச் ஆயில் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் நட்டைச் சற்றுத் தளர்த்தினான். ஆயில் பீச்சியடித்தது, கிளட்ச் உடனே பிடித்துக்கொண்டது. லீவரை விட்ட பிறகும் உள்ளே அழுத்தம் நிற்கிறது என்று புரிந்துகொண்டு மேல் டப்பாவைத் திறந்தான். விளிம்பு வரை ஆயில். சூட்டில் பெருகும் ஆயிலுக்கு மேலேற இடமில்லை; லீவரை அழுத்திப் பிடித்ததுபோல அது கிளட்சைத் தள்ளியே வைத்திருக்கிறது. ஊற்றியது யாரென்று அவனுக்குத் தெரியாதா?

சிரிஞ்சால் பாதியை உறிஞ்சி எடுத்தான். வண்டி மலையடிவாரம் வரை போய் வந்தது, நழுவவில்லை.

ஜீவானந்தம் அங்கேயே மாமனாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "மாமா, மணி சரி பண்ணிட்டாருங்க!"

"என்னதானுங்க கோளாறு?"

மணிமாறன் ஸ்பேனரைத் துடைத்தபடியே சொன்னான்: "ஆயிலை அளவுக்கு மீறி ஊத்தியிருக்குதுங்க மாமா."

"எந்த மடையனுங்க ஊத்துனது?"

நோம்பியன்று பக்கத்தில் நின்று பார்த்தவர்தானே ஜீவானந்தம்? அவர் மணிமாறனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நாந்தானுங்க மாமா. வெவரம் தெரியாம ஊத்திப்போட்டனுங்க."

"அட, அதனாலென்னங்க மாப்ள! தெரியாமச் செஞ்சதுதானுங்களே," என்று மாமனார் சிரித்தார்.

வண்டி கண்ணுக்கு மறைந்ததும் மணிமாறன் ஸ்பேனரைத் தரையில் வீசியடித்தான்.

"பாத்தீங்களாண்ணா அக்கிரமத்தை? நல்லவனா இருக்கறதுலயும் அந்தாளுதான் முந்திக்கிறாரு!"