கைச்சூட்டில் இறுகிய மருந்து

நடந்தது இந்த வரிசையில்:

1. திண்டிவனத்தில் எங்கள் ஆய்வகத்தில் செய்த ஜெல், சிரிஞ்சுகளில் ஐஸ் பெட்டியோடு விழுப்புரத்தில் ஒரு கிளினிக்குக்குச் சோதனைக்காகப் போனது. குளிரில் அது திரவம். உடல் சூட்டில் கெட்டியாகி, சர்க்கரைப் புண்ணின் ஆழத்தில் தங்கி, கிருமிக்கொல்லியைச் சிறிது சிறிதாக விடும்.

2. முதல் நோயாளி கண்டாச்சிபுரத்து அஞ்சலையக்கா. விவசாயக் கூலி. வலது பாதத்தில் ஆழமான புண். ஜெல் பாதி இறங்கி நின்றுவிட்டது.

3. இரண்டு வாரம் கழித்துப் போட்டபோதும் அப்படியே.

4. நர்ஸ் விஜயாக்கா போன் செய்தார். “இன்னா மேடம், எவ்ளோ அழுத்தினாலும் எறங்க மாட்டேங்குது. இன்னாத்த கலக்கி அனுப்பினீங்க?”

5. ஜெல்லைக் கெட்டியாக்கும் பாலிமர்தான் இந்த முறை கெட்டு வந்துவிட்டதோ என்று சந்தேகித்தேன்.

pH, விஸ்காசிட்டி, பாலிமர் அளவு, ஐஸ் பெட்டியின் டெம்பரேச்சர் என்று பன்னிரண்டு நாள் ஒவ்வொன்றாகச் சோதித்து டிக் போட்டேன். எதிலும் பிழை இல்லை. விழுப்புரம் ஒரு மணி நேர பஸ் பயணம்தான். அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு நாள்கூட நான் போகவில்லை.

மூன்றாவது முறை மருந்து போடும் நாளில்தான் போனேன்.

“நீதான் செய்றியா இத?” என்றார் அஞ்சலையக்கா.

“ஆமாக்கா.”

“அப்ப ஜல்தியா ஆற வையி. களை வெட்டக் கூப்டுக்கினே இருக்காங்க. நா போவலன்னா வேற ஆளு பூந்துடும்.”

“உன் காலு ஆறினா மேடத்துக்கும் பேருதான், அழுத்திக் கேளு” என்று விஜயாக்கா சிரித்தார். பேசிக்கொண்டே சிரிஞ்சை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, என்ன பண்றீங்க?”

“ஜில்லுனு போட்டா வலிக்கும்ல? பிரிட்ஜுல இருந்து எடுத்த எந்த ஊசியும் சூடு பண்ணிக்கினுதான் போடுவேன்.”

அந்தக் கைச்சூட்டிலேயே ஜெல் சிரிஞ்சுக்குள் கெட்டியாகிவிடுகிறது என்று சொன்னேன். அவர் கை நின்றது. “இத நீங்க பேப்பர்ல எழுதலியே மேடம்” என்றார் மெதுவாக. உண்மைதான். மருந்தோடு அனுப்பிய குறிப்புத் தாளில் ‘குளிரில் வைக்கவும்’ என்று மட்டும், அதுவும் ஆங்கிலத்தில், எழுதியிருந்தேன்.

அடுத்த சிரிஞ்சைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் செலுத்தினார். முழுவதும் இறங்கியது. ஆனால் அன்று எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், “கிருமி எலும்புக்குப் போயிடுச்சும்மா” என்றார். முதலிலேயே மருந்து முழுதாக இறங்கியிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மருந்தைச் சோதிக்கும் முன், அதைப் போடும் கையைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இப்போதைய நிலை: குறிப்புத் தாள் தமிழில் மாற்றி எழுதப்பட்டுவிட்டது. சோதனை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அஞ்சலையக்காவின் வலது பாதத்தில் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். களை வெட்ட அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.