தட்டு மாற்றிய கை

மகளின் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போதுதான் என் கை நடுங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். தேங்காய் உருண்டு விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா அதை எடுத்து வைத்துவிட்டுக் காதோரம் கேட்டார்: "சம்பந்தி, ராத்திரி கொஞ்சம் கூடிப்போச்சோ?"

நான் குடிக்கிறவன் இல்லை. வெட்கத்தில் அதைச் சொல்லாமல் தட்டை அவர் கையில் கொடுத்தேன். 

மனைவி என்னை விருதுநகருக்கு அழைத்துப்போய் மருத்துவரிடம் காட்டினாள். கெண்டைக்கால் பிடிப்பும் படபடப்பும் வெகுநாளாகவே இருந்தன. வயதாகிறது என்று விட்டிருந்தேன். மருத்துவர் ரத்தத்தைச் சோதித்து, அதில் மக்னீசியம் (தசையும் நரம்பும் சீராக இயங்கத் தேவையான தாது) மிகக் குறைவு என்றார். நெஞ்செரிச்சலுக்கு நானாகவே வாங்கி வருடக்கணக்காக விழுங்கிய கேஸ் மாத்திரைதான் (வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைப்பது) காரணமாக இருக்கும் என்று அதை நிறுத்தச் சொன்னார். மக்னீசியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சிவகாசியில் எங்களுக்குச் சிறிய பட்டாசுக் கம்பெனி. வெள்ளை வெளிச்சத்துக்கு நாங்கள் சேர்ப்பதும் மக்னீசியத் தூள்தான். கை கழுவாமல் சோற்றைத் தொடாதே என்று தினமும் ஆட்களிடம் கத்துகிறவன், அதையே விழுங்குவதா? மருத்துவரிடம் கேட்கக் கூச்சம். மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, சாப்பிட்டதாக மனைவியிடம் சொன்னேன். கேஸ் மாத்திரையையும் விடவில்லை.

முகூர்த்தப் புடவை பற்றிப் பேசச் சம்பந்தி வீட்டுக்குப் போன அன்று, காபி டம்ளரைப் பிடித்த விரல்கள் மடங்கி இறுகிக்கொண்டன. காபி வேட்டியெல்லாம் கொட்டியது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. சம்பந்திதான் காரில் ஏற்றி அதே விருதுநகர் மருத்துவரின் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

நரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று மருத்துவர் கேட்டார். பட்டாசுத் தூளென்று பயந்து குப்பையில் போட்டதைச் சொன்னேன்.

"பட்டாசுல போடுறது எரியிற உலோகத் தூள். நான் குடுத்தது உடம்பு ஏத்துக்கிற உப்பு. கீரையிலயும் கடலையிலயும் இருக்கிறதுதாங்க" என்றார்.

கட்டிலருகே நின்ற சம்பந்தி பெருமூச்சு விட்டார். "வாயத் தொறந்து கேட்டிருக்கப்படாதா? குடிகாரர் வீட்டுல பொண்ணெடுக்கோமோன்னு நான் அங்கன இங்கன விசாரிச்சுக்கிட்டுல்ல திரிஞ்சேன்! கல்யாணத்தையே நிறுத்திருப்பேன்."

போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன். என் கூச்சம் மகளின் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்திருக்கிறது.

உங்களுக்கும் கை நடுங்கினால், பிடிப்பு வந்தால், விழுங்குகிற மாத்திரைகளையெல்லாம் மருத்துவரிடம் சொல்லுங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் மக்னீசியம் பெரும்பாலும் இருக்காது. பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அசட்டுச் சந்தேகம் என்று தோன்றினாலும் கேளுங்கள்.

கேஸ் மாத்திரையை விட்டு, மக்னீசியத்தை ஒழுங்காகச் சாப்பிட்டதில் இப்போது நடுக்கம் இல்லை. ஆனாலும் எதை எடுக்கும் முன்னும் ஒரு கணம் கையைப் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணத்தில் மறுபடி தட்டை நீட்டியபோது கை அசையாமல் நின்றது. சம்பந்தி தன் கையைத் தட்டுக்கு அடியில் கொடுத்துப் பிடித்திருந்தார். கையை எடுங்கள், இனி நடுங்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.