ஃப்ரிட்ஜுக்குள் எரிந்த விளக்கு

மண்ணெண்ணெய் வாசனையோடுதான் எனக்கு இங்கிலீஷ் வந்தது...

பம்பாய் தாராவியில் எங்கள் குடிசையில் கரண்ட் கிடையாது. சிம்னி விளக்கின் முன் உட்கார்ந்து, எலெக்ட்ரிக் ஃபேன் எப்படிச் சுற்றுகிறது, டெலிபோனில் குரல் எப்படிப் போகிறது என்று சத்தமாக வாசிப்பேன். அறுபதுகளின் நடுவில், எஸ்.எஸ்.சி. முடித்த கையோடு மாட்டுங்காவில் ஓர் இங்கிலீஷ் பேச்சு கிளாஸில் சேர்ந்திருந்தேன். பாடமெல்லாம் இப்படித்தான், அன்றாட விஞ்ஞானம். எங்கள் வீட்டு அன்றாடத்தில் அதில் ஒன்றுகூட இல்லை!

கடைசிப் பாடம் ரெஃப்ரிஜிரேட்டர். கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும், மூடினால் அணையும் என்று போட்டிருந்தது.

"மூடின பிறகு அணைஞ்சுதான்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டேன்.

கிளாஸே சிரித்தது. மாஸ்டர் மட்டும், "நல்ல கேள்விம்மா. எங்கேயாவது பார்த்துட்டு வந்து இங்கிலீஷ்ல சொல்லு" என்றார்.

மறுவாரம் ஒரு கம்பெனி மேனேஜர் வருவதாக இருந்தது. நன்றாகப் பேசுகிற ஒருத்திக்கு அவர் ஆபீஸில் ரிசப்ஷன் வேலை. அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் இருமலை வாங்கிக்கொண்டு வந்து படுத்துவிட்ட நேரம் அது... அந்த வேலை எனக்கு வேண்டும். வெறி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் உட்காரும் ஜெயாவின் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தது. "வாடி, எங்காத்துல வந்து பாரு" என்று அவளேதான் கூட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளை வெளேரென்று கூடத்திலேயே நின்றது. கைப்பிடியை இழுத்தேன். ஜில்லென்று முகத்தில் அடித்தது. பாலுக்கும் தயிருக்கும் பின்னால் குட்டி விளக்கு பளிச்சென்று... எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இனி மெல்ல மூடி, இடுக்கு வழியாகப் பார்க்க வேண்டியதுதான்.

"யாருடி இது?" ஜெயாவின் அம்மா வந்து நின்றாள்.

"கிளாஸ்மேட்மா. தாராவியிலேருந்து வரா."

"தாராவியா? அவாளைப் போய் உள்ளே விட்டிருக்கியே! பால், தயிர் எல்லாத்தையும் எடுத்துக் கொட்டு!"

என் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. கதவை மூடக்கூட விடவில்லை. படியிறங்கும்போது பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. சாப்பாடு கெடாமல் காப்பாற்றும் மெஷின் என்று மனப்பாடம் செய்திருந்தேன். நான் தொட்டதும் அத்தனையும் கெட்டுவிட்டதாம்.

வீட்டில் வந்து சொன்னால் அம்மா என்னைத்தான் திட்டினாள். "ஏட்டி, ஒன்ன யாரு அதைத் தொடச் சொன்னா?"

மேனேஜர் வந்த அன்று பாடத்தைத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன். மாஸ்டருக்கு ஒரே பெருமை. "அந்த விளக்கு விஷயம் பார்த்தியாம்மா? சாருக்குச் சொல்லு" என்றார்.

ஜெயாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கதவோரம் ஒரு குட்டி பட்டன் இருக்கிறது, கதவு அதை அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும் என்று அழகான இங்கிலீஷில் சொன்னாள்.

வேலை அவளுக்கு. நான் செம்பூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தையல் மெஷின் மிதிக்கப் போனேன். அந்த இங்கிலீஷ் அங்கே எதற்கும் உதவவில்லை.

இப்போது முலுண்டில் மகனோடு இருக்கிறேன். இரண்டு கதவு ஃப்ரிட்ஜ். அது வந்த அன்றே அந்தப் பட்டனைத் தேடி அழுத்திப் பார்த்தேன். விளக்கு அணைந்தது. அவ்வளவுதான்... ஒரு விரல் வேலை! பேத்தியின் தோழிகள் வந்தால் கேட்காமலே திறந்து எடுத்துக் குடிக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

"காலம் மாறிடுச்சு அத்தே, பழசையெல்லாம் மறந்துடுங்க" என்கிறாள் மருமகள்.

மறந்துவிடுகிறேன். அன்று கொட்டிய பாலை யாராவது அள்ளிக்கொண்டு வரட்டும்.