மூன்றடி தள்ளி நிற்காதவர்கள்

ஸ்காபரோவில் வேர்ஹவுஸ் வேலையை விட்டுவிட்டு, சம்பளத்துக்குக் கூடைப்பந்து விளையாடப் போனதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெண்களுக்குக் காசு கொடுக்கும் அணி ரொறன்ரோவில் இருக்கிறதென்பதை நானே நம்பவில்லை. மூன்று கிழமைக்குப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அவர்கள் என்னை எடுத்திருந்தார்கள். நிற்பாட்டினால் வேலையுமில்லை, விளையாட்டுமில்லை. அம்மாவோ நான் ஷிஃப்டுக்குப் போவதாக நினைத்துச் சோறு கட்டித் தந்துகொண்டிருந்தார்.

முதல் ஆட்டத்து நாள் வந்தது. பயத்தில் சப்பாத்துக் கயிறு கட்ட விரல் வளையவில்லை. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு நான். உயரம் இருந்தால் துணிவும் இருக்கும் என்று எந்த விசரன் சொன்னானோ!

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் நான் விளையாடியது வலைப்பந்து. அதில் பந்து கைக்கு வந்தால் ஓடக்கூடாது, நின்றுதான் எறிய வேண்டும். மறிக்க வருகிறவள் மூன்றடி தள்ளித்தான் நிற்பாள். அந்தப் பழக்கம் காலில் ஊறிப்போயிருந்தது. பயிற்சிகளில் எப்படியோ சமாளித்தேன். ஆட்டத்தில் பயம் பிடித்ததும் கால் பழைய சட்டத்துக்கே போய்விட்டது. பந்தைப் பிடித்தேன், நின்றேன். எதிரணிக்காரி ஒருத்தி வந்து கைக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள். அடி, மரியாதை கெட்டவளே! இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் அதே கதைதான்.

எங்கள் பயிற்சியாளர் முன்பு ஐரோப்பாவில் சம்பளத்துக்கு விளையாடிய பெண். சத்தம் போடமாட்டார், அதனால் இன்னும் பயம். இடைவேளையில் பக்கத்தில் குந்தி மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: "இன்னொரு தரம் இப்படி நின்றால், நாளைக்கு வரத் தேவையில்லை."

இரண்டாம் பாதியில் பந்து வந்தது. இந்த முறை நான் நிற்கவில்லை. பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு ஓடினேன். வளையத்தடியில், முன்பு பந்தைப் பிடுங்கிய அதே எதிரணிக்காரியின் முழங்கை என் வாயில் விழுந்தது. நான் நிலத்தில், பந்து வெளியில். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஐஸ் பையை நீட்டினார். "நாளைக்கு ஆறு மணிக்குப் பயிற்சி. பிந்தாதே." என் எட்டு வருட ஆட்டமும், பிறகு வந்த பயிற்சியாளர் வேலையும் அந்தச் சொல்லில் தொடங்கியவை.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா என் உதட்டைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"ஐயோ! ஆரடி பிள்ளை உனக்கு அடிச்சது?"

இனி மறைக்க ஏலாது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேலையை விட்டுட்டு உதுக்கே போறனி?"

"ஓம் அம்மா."

"உனக்குப் பயமில்லையோ?"

"சரியான பயம். ஆனா நாளைக்கும் போவன்."

அம்மா துவாயை நனைத்து என் வாயைத் துடைத்தார்.

"அடுத்த மேட்ச் எண்டைக்கு?" என்றார். "நானும் வாறன். உன்ர வாயை உடைச்சவளை நான் ஒருக்காப் பாக்கவேணும்."

முதல் ஆட்டத்தைவிட இதற்குத்தான் எனக்குப் பயம் வந்தது.